வெற்றிலை மணக்கும் பொருநைக் கரை: ஆத்தூர்

தூத்துக்குடியிலிருந்து காயல்பட்டினத்திற்கோ திருச்செந்தூருக்கோ பேருந்தில் சென்ற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும் அந்தச் சாலையில் பழையகாயலும் முக்காணியும் கழிந்ததும் திடீரெனக் காட்சி மாறுகிறது. வெண்மை மறைந்து பசுமை எழுகிறது. பேருந்து ஒரு நீண்ட பாலத்தின்மீது ஏறுகிறது. கீழே தாமிரபரணி, கடலைச் சேரும் கடைசிப் பயணத்தில் அமைதியாக நடந்து கொண்டிருக்கிறது. பாலத்தைவிட்டு இறங்கினால் ஆத்தூர்.

சிலர் இறங்குகிறார்கள், சிலர் ஏறுகிறார்கள். வெற்றிலைக் கட்டுகளும் வாழைத்தார்களும் கண்ணில் படுகின்றன. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நாம் கடிகாரத்தைப் பார்த்துக் கொள்கிறோம். அதற்குள் ஊர் பின்னால் போய்விடுகிறது.

இவ்வாறு நாம் நூறுமுறை கடந்து சென்ற ஊர்தான் இது. ஆனால், எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்திற்கு வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர், இம்மக்களின் வாயில் எந்நேரமும் இருந்த ஓர் இலையைக் கண்டு வியந்து எழுதி வைத்தார் என்பதும், அந்த இலையே இன்றும் இவ்வூருக்குச் சோறு போடுகிறது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆற்றின் பெயர் பெற்ற ஊர்

ஆற்றூர் என்பதே பேச்சு வழக்கில் ஆத்தூர் ஆயிற்று. இப்பெயரில் தமிழகத்தில் ஊர்கள் பல உண்டு. சேலம் மாவட்டத்தில் ஓர் ஆத்தூர். திண்டுக்கல் மாவட்டத்தில் மற்றோர் ஆத்தூர். நாம் சொல்வது தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர். தாமிரபரணியின் தென்கரையில் இது அமைந்திருக்கிறது, எதிர்க்கரையில் முக்காணி. கிழக்கே சேர்ந்தபூமங்கலம், அதற்கும் அப்பால் ஆறு கடலோடு கலக்கும் புன்னைக்காயல். தெற்கே ஆறுமுகநேரியும், அதையடுத்து நம் காயல்பட்டினமும்.

பேரூராட்சி அளவிலான சிற்றூர்தான். ஆயினும் பழமையில் சிறியதன்று. இவ்வூர்ச் சோமநாதர் கோயில் பாண்டியர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கிறது. தாமிரபரணிக்குப் 'பொருநை' என்னும் பழம்பெயரும் உண்டு. பொதிகை மலையில் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நடந்து, தமிழ் மண்ணிலேயே தோன்றித் தமிழ் மண்ணிலேயே கடலைச் சேரும் ஆறு இது. அதன் நீரை வயலுக்குத் திருப்ப எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் கடைசியானது, ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்ட ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அங்கிருந்து வடகால், தென்கால் எனப் பிரியும் வாய்க்கால்களே கடைமடை ஊர்களின் உயிர்நாடியாகும்.

இடம் பெயர்ந்த துறைமுகங்கள்

இவ்வட்டாரத்தின் வரலாறு ஒரு விந்தையான வரலாறு. இங்கே துறைமுகங்கள் நிலையாக நிற்பதில்லை!

ஆத்தூரிலிருந்து ஆற்றைத் தாண்டி வடமேற்கே சென்றால் கொற்கை. சங்க காலப் பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடற்பயண நூலான பெரிப்ளூசும், அடுத்த நூற்றாண்டில் தாலமியும் அதனைக் குறிப்பிட்டுள்ளனர். அங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கச் செய்தனர் என்று பெரிப்ளூஸ் கூறுகிறது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறையினர் அங்கு அகழாய்வு நடத்தினர். இன்று கொற்கைக்குச் சென்று பாருங்கள். கடல் கண்ணுக்கே தென்படாது! வயல்களும் வாழைகளும் சூழ்ந்த உள்நாட்டுக் கிராமமாக அது இருக்கிறது.

காரணம் யாது? தாமிரபரணி மலையிலிருந்து சுமந்து வரும் வண்டல்தான். நூற்றாண்டுதோறும் ஆறு மண்ணைக் கொட்டக் கொட்ட, கடற்கரை விலகிச் சென்றது. கப்பல் வணிகமும் கரையைத் தொடர்ந்து சென்றது. கொற்கைக்குப் பின் காயல் எழுந்தது. காயலும் மேடிட்டபின் ஆற்று முகத்தில் புன்னைக்காயல் சிறந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அங்கே தங்கினர். இறுதியாகப் பெருமை தூத்துக்குடிக்குச் சென்றது. 1974இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பன்னூறு ஆண்டுகள் நடைபெற்ற முத்துக் குளிப்பும் தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு நின்று போயிற்று.

ஆக, ஒரு துறைமுகத்தை வாழவைத்த ஆறே அதனைத் தூர்க்கவும் செய்தது. ஆனால் எந்த வண்டல் கப்பலை விரட்டியதோ, அந்த வண்டலே கொடியை வளர்த்தது. துறைமுகங்கள் போயின, கொடிக்கால்கள் நிலைத்தன. ஆத்தூரின் வரலாற்றை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

பயணிகள் வியந்த இலை

காயல் என்று பயணிகள் குறிப்பிட்ட துறைமுகம், ஆத்தூருக்குச் சில கல் தொலைவிலேயே இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், சீனத்திலிருந்து தாயகம் திரும்பும் வழியில் இவ்வட்டாரத்திற்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, பின்னர் இக்கரையைப் பற்றி எழுதினார். காயல் பெரியதும் சிறந்ததுமான நகரம் என்றும், ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளையும் பிற பொருள்களையும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வந்தன என்றும் அவர் குறிப்பிட்டார்.

அக்குதிரை வணிகத்தில் நம் முன்னோர் பெரும்பங்கு வகித்தனர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் இக்கரையின் துறைமுகங்களுக்கு வந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 தீனார் என்றும் எழுதியுள்ளார். பாண்டிய மன்னனின் அரசவையில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்பார் அமைச்சர் பொறுப்பில் இருந்ததையும், காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் மேற்பார்வையில் இருந்ததையும் அவர் வாயிலாகவே அறிகிறோம்.

காயலைப் பற்றிச் சொல்லும் அதே பகுதியில்தான் மார்க்கோ போலோ அந்த இலையைக் குறிப்பிடுகிறார். இந்நகரத்து மக்கள் 'தெம்புல்' என்னும் ஓர் இலையை எந்நேரமும் வாயில் வைத்து மெல்கின்றனர். செல்வர்கள் கற்பூரமும் வாசனைப் பொருள்களும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்கின்றனர் என்பது அவர் தரும் செய்தி. ஒருவரை அவமதிக்க நினைப்பவர் அச்சாற்றை அவர் முகத்தில் உமிழ்ந்துவிடுவார் என்றும், அது பெருஞ்சண்டையில் முடியும் என்றும் அவர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்!

'தெம்புல்' என்பது வேறொன்றுமில்லை, தாம்பூலம்தான். அரபு மொழியிலும் அது 'தன்பூல்' என்றே வழங்கும். ஐரோப்பியர் சொல்லும் 'பீட்டல்' என்பதோ நம் வெற்றிலையிலிருந்து பிறந்த சொல்.

பதினான்காம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய இப்னு பதூதா அவர்களும் வெற்றிலையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்கள். திராட்சைக் கொடியைப் போலப் பந்தலிலோ தென்னையை ஒட்டியோ இது படரும். இதற்குக் காய்ப்பு இல்லை, இலை மட்டுமே பயன் என்று ஒரு விவசாயியைப் போலவே கூர்ந்து கவனித்து எழுதினார்கள். நண்பரின் இல்லத்திற்கு வந்தவருக்கு ஐந்து வெற்றிலை அளித்தால், உலகையே அளித்தது போல அம்மக்கள் மதிப்பார்கள் என்பதும் அவர்கள் தரும் குறிப்பு. ஐந்தே இலை! பொன்னும் வெள்ளியும் தராத கண்ணியத்தை அது தந்தது.

கொடிக்கால் என்னும் பள்ளிக்கூடம்

வெற்றிலைத் தோட்டத்தைக் 'கொடிக்கால்' என்பர். அதனுள் ஒருமுறை நுழைந்து பார்த்தவர் மறக்கமாட்டார். வெளியே உச்சி வெயில் கொளுத்தும். உள்ளே பச்சை நிழலும் ஈரக் குளிர்ச்சியும் இருக்கும்.

இந்த நிழல் தானாக வந்ததன்று. முதலில் அகத்தியை விதைத்து வளர்க்கிறார்கள். அது உயர்ந்து நிழல் தரத் தொடங்கியதும், அதன் அடியில் வெற்றிலைக் கொடியின் துண்டுகளை நடுகிறார்கள். மேட்டுப் பாத்திகளுக்கு இடையில் நீர் நிற்கும் வாய்க்கால்கள் ஓடுகின்றன. கொடி வளர வளர அதை அகத்தியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மிக உயர்ந்துவிட்டால் இறக்கிச் சுருட்டி மீண்டும் மண்ணில் பதிக்க வேண்டும். வெயில் மிகுந்தால் இலை கருகும். நிழல் மிகுந்தால் நோய் பற்றும். நீர் குறைந்தால் கொடி வாடும். நீர் தேங்கினால் வேர் அழுகும். கைக்குழந்தையை வளர்ப்பது போன்ற கவனம் இதற்கு வேண்டும்.

அறுவடையும் அவ்வாறே. இயந்திரம் இங்கே செல்லாது. இலையை ஒவ்வொன்றாக விரலால் கிள்ள வேண்டும், தரம் பிரிக்க வேண்டும், அடுக்க வேண்டும், வாடாமல் கட்டி அன்றே அனுப்ப வேண்டும். ஒரு கவுளி வெற்றிலை நம் வீட்டுக்கு வந்து சேர எத்தனை கைகள் உழைத்திருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஆத்தூர், முக்காணி, கொற்கை, சுகந்தலை, வெள்ளக்கோயில் முதலிய ஊர்களில் நாட்டுக்கொடி, கற்பூரி, பச்சைக்கொடி ஆகிய வகைகள் பயிராகின்றன. நீண்ட காம்பும் காரமான சுவையும் ஆத்தூர் வெற்றிலையின் அடையாளங்கள். பொருநை நீரே இதற்குக் காரணம் என்று இம்மக்கள் உறுதியாகச் சொல்கின்றனர். இவ்வட்டார வெற்றிலை விவசாயிகள் சங்கத்தின் முயற்சியால், 2023ஆம் ஆண்டில் 'ஆத்தூர் வெற்றிலை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் சிறப்பு அது விளையும் மண்ணுக்கே உரியது என்று சட்டம் வழங்கும் சான்று அது. வேறு ஊரில் விளைந்த வெற்றிலையை இப்பெயரில் விற்பது இனிச் சட்டப்படி குற்றமாகும்.

மகுடமும் வெள்ளமும்

மகுடம் சூட்டிய அதே ஆண்டின் இறுதியில் பேரிடி இறங்கியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம்! குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரைகடந்தது. ஏரல், ஆத்தூர் பகுதிகள் நீரில் மிதந்தன. வாழைத் தோட்டங்களிலும் வெற்றிலைக் கொடிக்கால்களிலும் வெள்ளம் புகுந்தது. ஆற்றோர விவசாயிக்கு நெல் போனால் ஒரு பருவம் போயிற்று. கொடிக்கால் போனாலோ, மீண்டும் அகத்தி விதைப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் கொடிய நாட்களில் மனிதநேயமும் வெளிப்பட்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் வெள்ளத்தால் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் தவித்தனர். அருகிலிருந்த புதுக்குடி மக்கள், தங்கள் ஊரும் நீரில் இருக்க, அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுத்தனர். செய்துங்கநல்லூரில் வீடுகளில் நீர் புகுந்த இந்துக் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் கதவுகள் திறந்துவிடப்பட்டன. அவர்கள் நாள்கணக்கில் அங்கே தங்கி உண்டனர். ஆற்றின் கரையில் வாழ்வோர் ஒரே ஓடத்தில் இருப்பவர்கள் என்பதை அந்த வெள்ளம் எடுத்துக் காட்டிற்று.

நீரே மூலதனம்

வெள்ளம் சில நாட்களில் வடிந்துவிடும். ஆனால் நீரின்மை ஆண்டுதோறும் வந்து நிற்கும் கவலை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பல்லாண்டுகளாக மண் மேடிட்டு, தேங்கும் நீரின் அளவு குறைந்தது. 2015இல் நீண்ட போராட்டத்திற்குப் பின் தூர்வாரும் பணி தொடங்கிற்று. அந்த அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் 2 கோடி காலன் நீர் கொண்டு செல்லும் திட்டம் வழக்குகளுக்கு இடமாயிற்று. தொழிற்சாலையும் வேண்டும், வேலையும் வேண்டும், அதை மறுப்பாரில்லை. ஆயினும் ஆற்று நீரின் பங்கீட்டில் கடைமடைக்காரன் கடைசி மனிதனாகவே நிற்க வேண்டுமா என்பதே கேள்வி.

ஆற்றில் நன்னீர் குறைந்தால் மற்றோர் ஆபத்தும் உண்டு. கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வரும், கிணறுகள் உவர்க்கும். அதைத் தடுக்கவே முக்காணிக்கு அருகில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டப்பட்டுள்ளது. உவர்நீரில் வெற்றிலை வளராது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், நீரைக் காக்காது. நீர் இல்லையேல் பெயர் மட்டும் ஏட்டில் இருக்கும், இலை இருக்காது. கொற்கையின் பெயர் இன்று எவ்வாறு பாடநூலில் மட்டும் இருக்கிறதோ, அவ்வாறு!

இளைய தலைமுறை நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளும் அவ்வாறே சென்றனர். ஆனால் கிள்ளும் விரல்கள் குறைந்துவிட்டால், அந்தக் கைத்திறனை எந்தக் கல்லூரியிலும் திரும்பக் கற்க இயலாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு

வெற்றிலையைப் புகழும்போது ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராவிட்டாலும் பாக்குடன் வெற்றிலை மெல்லும் பழக்கம் வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியுள்ளது. பாக்கே புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்பது அதன் முடிவு. எனவே நம் வீட்டுப் பெரியவர்கள் மெல்வதைக் கண்டு பிள்ளைகள் அப்பழக்கத்தைத் தொடர வேண்டியதில்லை. உம்மும்மாவின் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ கண்டால், "வயதானால் இப்படித்தான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். திருமணத்திற்கு அழைக்கவும், நிச்சயம் பேசவும், சபையில் கண்ணியம் செய்யவும் வெற்றிலைத் தட்டு இருக்கட்டும். பழக்கமாகி உடலை அரிக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது

இங்கிலாந்தில் ஓர் எளிய சிற்றூருக்குச் சென்றாலும், அவ்வூரைப் பற்றிய கையேடு ஒன்று கிடைக்கும். 1086ஆம் ஆண்டில் வில்லியம் மன்னனின் ஆணைப்படி, ஊர்தோறும் ஏர் எத்தனை, ஆலை எத்தனை என்று எழுதிய கணக்கேட்டில் தம் ஊர் இடம்பெற்றிருப்பதை அம்மக்கள் பெருமையோடு காட்டுவர். நம் ஊர்களின் பழமை அதற்குச் சற்றும் குறைந்ததன்று. குறைந்திருப்பது எழுதி வைக்கும் வழக்கம்தான்.

திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை 1881இல் நூலாக வெளியிட்ட கால்டுவெல், பழையகாயல் மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகளைக் கையால் பொறுக்கி எடுத்தார். எங்கிருந்தோ வந்த ஒருவர் நம் மண்ணைக் குனிந்து பார்த்தார். நாம் குனிந்து பார்த்தோமா?

எனவே வாசகப் பெருமக்களே, ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களை அமரவைத்துக் கேளுங்கள். அந்தக் காலத்தில் வெற்றிலை எந்த ஊரிலிருந்து வந்தது? யார் சுமந்து வந்தார்? கவுளி என்ன விலை? வெள்ளம் எந்த ஆண்டு எந்தப் படிவரை ஏறியது? பெட்டிக்குள் உறங்கும் பத்திரங்களையும், அரபுத்தமிழ்க் கடிதங்களையும், நிக்காஹ் அழைப்புகளையும் எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளைக் கொண்டு ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். ஊரின் வரலாறு என்பது அரசர் கதை மட்டுமன்று. அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் அது இருக்கிறது.

அடுத்த முறை பேருந்து அந்தப் பாலத்தின்மீது ஏறும்போது, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். சன்னலுக்கு வெளியே பாருங்கள். கப்பல்கள் விட்டுச் சென்ற கரையில், அகத்தியின் நிழலில், ஒரு கொடி மீண்டும் ஏறிக்கொண்டிருக்கும். அருகில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு அதைக் காட்டி, "இதுதான் ஆத்தூர்" என்று பெயர் சொல்லிக் கொடுங்கள்.

அந்த ஆற்றில் நீர் குன்றாதிருக்கவும், அக்கரைகளில் உழைப்போர் வாழ்வு செழிக்கவும் வல்ல இறைவன் அருள்வானாக!